மருந்துக்குக் கேக்காத கலங்கள்

எங்க மடுல்சீமைப் பக்கம் ஒரு வருத்தம் குணமாகவில்லை என்றால் "மருந்து வேலை செய்யல" என்று சொல்கிறவர்கள் குறைவு. "வருத்தம் மருந்துக்குக் கேக்க மாட்டேங்குது" என்றுதான் சொல்வார்கள். சொல்பேச்சுக் கேக்காத பிள்ளையைப் பற்றிப் பேசுற மாதிரி. புற்றுநோய்க்கு மருந்து ஏத்திக்கொண்டிருக்கிற ஒருவரைப் பற்றி இந்த வசனம் வந்துவிட்டால், அதற்குப் பிறகு லயத்தில் எல்லாருடைய குரலும் தணிந்துவிடும். பிறகு காரணம் தேடுவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி மருந்துதானே என்பார்கள். யாரோ என்னமோ செய்துவிட்டார்கள் என்பார்கள். கடைசியில் பழி நோயாளி மேலேயே விழும்: "அவரு உடம்புல தெம்பு இல்ல, அதான் தாங்கல."

இந்த மூன்றாவது பேச்சுத்தான் எனக்குப் பெரிய கொடுமையாகத் தெரிகிறது. நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவள். என் விஞ்ஞானம் ஓ.எல். பரீட்சையோடு நின்றது. ஆனால் இந்தக் "கேக்காமல் போகிற" விசயத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. கேக்காமல் இருப்பது நோயாளியின் உடம்பு இல்லை, புற்றுக் கலங்களுக்குள்ளே இருக்கிற சில புரதங்கள் என்பதைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு ஏறத்தாழ 30 வருடம் எடுத்தது. அந்தக் கதை அமெரிக்காவில் தொடங்குவதாகத்தான் புத்தகங்களில் எழுதுவார்கள். நான் அதைப் பம்பாயிலிருந்து தொடங்குகிறேன்.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் பம்பாய்க்கு வந்தார். (இந்த அம்மா 1913இல் தன் தாயோடு இலங்கைக்கும் வந்து போனவர்.) பம்பாயின் துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலர் கர்ப்பகாலத்தில் கடுமையான இரத்தச்சோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். கிருமி எதுவும் அகப்படவில்லை. வில்ஸ் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். அதே சாப்பாட்டை எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். இந்த வேலையில் ஒரு பகுதி நீலகிரி மலையில், குன்னூர் பாஸ்டர் நிறுவகத்திலும் நடந்தது. அதுவும் தேயிலை மலைதான். கடைசியில் சோகை பிடித்த குரங்கைத் தேற்றியது எது தெரியுமா? மார்மைட். நம்ம ஊர்க் கடைகளில் இன்றைக்கும் இருக்கிற அதே கறுப்புப் போத்தல், பாணில தடவுறது. பியர் காய்ச்சி மிஞ்சுகிற ஈஸ்ட்டிலிருந்து செய்வதால் அது மலிவு. பெண்களுக்குக் கொடுத்தார். தேறினார்கள். 1931இல் அதை எழுதி வெளியிட்டார்.

மார்மைட்டுக்குள் இருந்த அந்தப் பொருள் என்ன என்று அப்போது தெரியாது. 1941இல் அமெரிக்காவில் டன் கணக்கான பசளிக் கீரையிலிருந்து ஒரு விற்றமினைப் பிரித்தெடுத்து, இலை என்ற இலத்தீன் சொல்லை வைத்து அதற்குப் போலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். வில்ஸின் பெண்களைக் காப்பாற்றியது அதுதான் என்பது பிறகு தெளிவானது. கர்ப்பிணிகளுக்கு மிட்வைஃப் அம்மா கொடுக்கிற மாத்திரை இதேதான். ஒரு கலம் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்க வேண்டும், அதற்குப் போலிக் அமிலம் வேண்டும். குழந்தை வளர்வதற்கு அது வேண்டும், இரத்தம் ஊறுவதற்கு வேண்டும். புற்று வளர்வதற்கும் வேண்டும்.

இங்கே எல்லப்பிரகட சுப்பாராவ் வருகிறார். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். தெலுங்கர், ஆனாலும் அன்றைய சென்னை மாகாணத்து ஆள். மெட்ரிக்குலேசனை மூன்றாம் தடவையில்தான் பாஸ் பண்ணினார், அதுவும் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். (பரீட்சை ஃபெயிலான தம்பி தங்கச்சிமார் கவனிக்கவும்.) சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்தியின் பேச்சைக் கேட்டு, சத்திரசிகிச்சை வகுப்புக்கு கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சையெல்லாம் நன்றாகச் செய்தும் முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. எல்.எம்.எஸ். என்ற குறைந்த சான்றிதழ்தான் கொடுத்தார்கள். 1922இல் பொஸ்டனுக்குப் போனார். செலவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துக்கொண்டு ஹார்வர்டில் படித்தார்.

ஹார்வர்டில் அவரும் சைரஸ் ஃபிஸ்க்கும் சேர்ந்து 1929இல் ஏ.டி.பி.யைத் தசையிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதே வருடம் அதைக் கண்டார். ஏ.டி.பி. என்பது கலத்தின் கைக்காசு. எந்த வேலை செய்யவும் கலம் அதைத்தான் செலவழிக்கும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்க, திரும்பி வரும்.

ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்காமல் 1940இல் லெடர்லி என்ற மருந்துக் கம்பனிக்குப் போனார். அங்கே அவர் தலைமையில் இயங்கிய குழு 1945 அளவில் போலிக் அமிலத்தை ஆய்வுகூடத்திலேயே செய்யும் வழியைக் கண்டுபிடித்தது. அதே நேரத்தில் பொஸ்டன் சிறுவர் ஆஸ்பத்திரியில் சிட்னி ஃபார்பர் என்ற வைத்தியர், இரத்தப் புற்று வந்த பிள்ளைகளுக்குப் போலிக் அமிலத்தோடு சேர்ந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை, வேகமாகியது. ஃபார்பர் அதைத் திருப்பி யோசித்தார். கொடுத்தால் வளர்கிறது என்றால், அதைத் தடுத்தால்? சுப்பாராவின் குழு போலிக் அமிலத்தைப் போலவே தோற்றம் கொண்ட, ஆனால் அதன் வேலையைச் செய்யாத போலிகளைச் செய்து கொடுத்தது. அதில் ஒன்று அமினோப்ரெரின். அதன் தம்பிதான் மெதோட்ரெக்சேட், அது இன்றைக்கும் பாவனையில் இருக்கிறது.

1947 டிசம்பர் கடைசியில் முதல் பிள்ளைக்கு அமினோப்ரெரின் ஊசி போட்டார்கள். 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. அதுவரைக்கும் சில கிழமைகளில் இறந்துவிடுவார்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் எழுந்து விளையாடினார்கள். 1948 ஜூன் மாதம் ஃபார்பர் இதை வெளியிட்டார். அந்தக் கட்டுரைத் தலைப்பின் முதல் சொல்லே "தற்காலிக" என்பதுதான். புற்றுநோய்க்கு மருந்தால் கிடைத்த முதல் பெரிய வெற்றிகளில் ஒன்று, அதன் நெற்றியிலேயே தோல்வியையும் எழுதிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் எல்லாருக்கும் சில மாதங்களில் நோய் திரும்பியது. அதே மருந்தைத் திரும்பக் கொடுத்தபோது கேக்கவில்லை.

சுப்பாராவ் அந்த ஆகஸ்டில், 53 வயதில் இறந்துபோனார். ஏன் கேக்கவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள அவர் இருக்கவில்லை.

அந்தக் "ஏன்"க்கு அப்போது இரண்டு பதில் சாத்தியம். ஒன்று, மருந்து பட்டுப் பட்டுக் கலங்கள் பழகிப் போகின்றன. நாமே இப்படித்தான் பேசுவோம்: "உடம்பு மருந்துக்குப் பழகிருச்சு." மற்றது, மருந்து வருவதற்கு முன்னாலேயே அதைத் தாங்கக்கூடிய ஓரிரு கலங்கள் கூட்டத்துக்குள் இருந்தன. மற்றதெல்லாம் செத்துப்போக, அவை மட்டும் தப்பிப் பெருகின. தேயிலை மலையில் புல்லுக்கு மருந்தடித்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எல்லாப் புல்லும் கருகின பிறகு அங்கங்கே ஒன்று பச்சையாக நிற்கும். அடுத்த மாதம் மலை முழுக்க அதன் பிள்ளைகள்.

1943இல் லூரியா, டெல்புரூக் என்ற இருவர் பக்றீரியாவை வைத்து இரண்டாவது பதில்தான் சரி என்று காட்டினார்கள். 1952இல் லொயிட் லோ என்பவர் அதே பரிசோதனையை எலியின் இரத்தப் புற்றுக் கலங்களை வைத்து, போலிக் அமில எதிரி மருந்துகளுக்கு எதிராகச் செய்து பார்த்தார். அதே விடை. தாங்கும் கலம் முதலிலேயே இருந்தது.

சரி, அந்தக் கலத்திடம் அப்படி என்ன இருந்தது?

முதல் விடை டைஹைட்ரோபோலேட் ரிடக்டேஸ் என்ற புரதம். பேர் நீளம், டி.எச்.எஃப்.ஆர். போதும். போலிக் அமிலத்தைக் கலம் பாவிக்கக்கூடிய உருவத்துக்கு மாற்றிக் கொடுக்கிற நொதியம் இது. மெதோட்ரெக்சேட் போய் இதில்தான் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்தும். கொழுந்து நிறுக்கிற தராசில் ஒருத்தர் ஏறி உட்கார்ந்துகொண்டால் நிறுவை நின்றுபோகும் இல்லையா, அந்த மாதிரி. மருந்துக்குக் கேக்காத கலம் என்ன செய்தது என்றால், உட்கார்ந்தவரை எழுப்பவில்லை. தராசுகளின் எண்ணிக்கையைக் கூட்டியது. 1978இல் ஸ்டான்போர்டில் ராபர்ட் ஷிம்கேயின் குழு, மெதோட்ரெக்சேட்டைத் தாங்கிய எலிக் கலங்களில் இந்தப் புரதத்துக்கான மரபணுவே பல பிரதிகளாகப் பெருகியிருப்பதைக் காட்டியது. ஒரு கலவகையில் ஏறத்தாழ 200 மடங்கு. எத்தனை தராசில்தான் போய் உட்காருவது?

இதில் எனக்கு வியப்பான விசயம், இந்தத் தந்திரம் புற்றுக்கு மட்டும் சொந்தம் இல்லை. அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களில் வளரும் ஒரு களை, நம்ம முளைக்கீரைக்குச் சொந்தக்காரச் செடி, கிளைபோசேட்டைத் தாங்குவதும் இதே வழியில்தான். புல் உதாரணத்தை நான் சும்மா சொல்லவில்லை.

இரண்டாவது விடை இன்னும் சுவாரசியம். 1970 அளவில் நியூயோர்க்கில் ஜூன் பீட்லர் என்ற ஆய்வாளர் ஒரு விநோதத்தைப் பார்த்தார். ஒரு மருந்தைத் தாங்கப் பழக்கிய கலங்கள், அவை முன்பின் பார்த்தே இராத வேறு மருந்துகளையும் தாங்கின. அந்த மருந்துகளுக்கிடையே உருவ ஒற்றுமையும் இல்லை, அவை வேலை செய்கிற இடமும் வேறு. தராசுக் கதை இதற்குப் பொருந்தாது. 1973இல் டென்மார்க்கில் கெல்ட் டானோ, அப்படிப்பட்ட கலங்கள் உள்ளே வந்த மருந்தைச் சக்தி செலவழித்து வெளியே தள்ளுகின்றன என்று காட்டினார். 1976இல் ரொறன்ரோவில் விக்டர் லிங், ருடோல்ஃப் ஜூலியானோ இருவரும் அதற்குப் பின்னால் இருந்த ஆளைப் பிடித்தார்கள். கலத்தின் மென்சவ்வில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய புரதம், அதன் மேல் சீனி மூலக்கூறுகள். பி-கிளைக்கோபுரதம் என்று பெயர் வைத்தார்கள்.

அவர்கள் அந்தக் கலங்களை வளர்த்தது கொல்கிசின் என்ற நஞ்சில். நமக்குத் தெரிந்த நஞ்சுதான். கார்த்திகைப்பூக் கிழங்கில் இருப்பதும் அதே கொல்கிசின். கொல்கிசினைத் தாங்கிய கலங்கள் வின்கிறிஸ்ரின் மாதிரி மருந்துகளையும் தாங்கும். வின்கிறிஸ்ரின் எடுக்கப்படுவது நித்தியகல்யாணியிலிருந்து. பட்டிப்பூ என்று சொல்வோமே, லயத்து வாசலில் யாரும் நடாமலே பூத்து நிற்கிறது. இரண்டு செடியும் நம்ம மண்ணில் முளைக்கும். இரண்டின் நஞ்சையும் ஒரே புரதம் வெளியே ஊற்றிவிடுகிறது.

ஊற்றிவிடுகிறது என்றே சொல்லலாம். மழைக்காலத்தில் தகரம் ஒழுகி வீட்டுக்குள் வந்த தண்ணியை வாளியால் மொண்டு வெளியே ஊற்றுவோமே, அது மாதிரி. ஆனால் இந்தப் புரதம் நம்மைவிடக் கெட்டிக்காரத்தனமானது. தண்ணி தரைக்கு வந்து சேரும் வரை காத்திருக்காது, சுவரில் கசியும்போதே பிடித்துத் திருப்பி அனுப்பும். ஒவ்வொரு தடவை ஊற்றுவதற்கும் அது செலவழிப்பது ஏ.டி.பி. சுப்பாராவ் 1929இல் கண்ட அதே கைக்காசு. புற்றைத் தடுக்கிற முதல் மருந்துகளில் ஒன்றைச் செய்து கொடுத்த மனிதர், மருந்தை வெளியே தள்ளுகிற பம்புக்கு எரிபொருள் எது என்பதையும் 20 வருடத்துக்கு முன்னாலேயே கண்டிருந்தார். அந்த இரண்டையும் அவர் காலத்தில் யாரும் சேர்த்துப் பார்த்திருக்க முடியாது. நோபல் கிடைக்காத விஞ்ஞானிகளைப் பற்றி இணையத்தில் பெருமை பேசுகிறவர்கள் இதை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று தெரியவில்லை.

பம்பை அடைத்துவிட்டால் சரிதானே? அதையும் செய்து பார்த்தார்கள். 1981இல் ஜப்பானில் தகாஷி சுருவோ, வெரப்பமில் என்ற மருந்து பம்பை அடைத்து வின்கிறிஸ்ரினைத் திரும்ப வேலை செய்ய வைக்கிறது என்று காட்டினார். வெரப்பமில் இருதயத்துக்கும் பிரஷருக்கும் கொடுக்கிற சாதாரண மருந்து. ஆய்வுகூடத்தில் பிரமாதம். மனிதர்களிடம் வந்தபோது, பம்பை அடைக்கத் தேவையான அளவு கொடுத்தால் இருதயம் தாங்கவில்லை. பிறகு வந்த அடைப்பான்களும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை, ஒன்றுகூட வழக்கமான சிகிச்சையாக நிலைக்கவில்லை. காரணம், இந்தப் புரதம் புற்றுக் கலத்தின் சொத்து இல்லை. நம்ம குடலில், ஈரலில், சிறுநீரகத்தில், மூளைக்குப் போகிற இரத்தக்குழாய்ச் சுவரில் எல்லாம் இது இருக்கிறது. நாம் சாப்பிடுகிற இலை, காய், கிழங்கு எல்லாவற்றிலும் இருக்கிற சின்னச் சின்ன நஞ்சுகளை வெளியே தள்ளி நம்மைக் காப்பாற்றுகிறது. அதை முழுக்க அடைத்தால் மருந்து புற்றை மட்டும் இல்லை, ஆளையும் அடிக்கும்.

பம்பும் தராசும் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். மருந்து உடைத்த டி.என்.ஏ.வைத் தைத்துவிடுகிற புரதங்கள் இருக்கின்றன. பி.சி.எல்-2 மாதிரி, கலத்தைச் சாகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறவை இருக்கின்றன. மருந்து வந்து ஒட்டுகிற இடத்தின் உருவத்தையே கொஞ்சம் மாற்றிக்கொள்கிறவையும் இருக்கின்றன. ஒரு கட்டிக்குள்ளேயே ஒரு கலம் ஒன்றையும் பக்கத்துக் கலம் இன்னொன்றையும் பாவிக்கலாம்.

ஆனால் வரலாற்று மாணவியாக என்னை இழுக்கிறது வேறு ஒன்று. பம்பைக் கண்டுபிடிப்பதற்குப் பத்து வருடத்துக்கும் மேல் முன்னாலேயே வைத்தியர்கள் ஒரு வழியைக் கண்டுவிட்டார்கள். காசநோய்க்கு ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி தப்பிக்கிறது, இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால் தப்பிப்பது கஷ்டம் என்று அப்போது தெரிந்திருந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் முதலானோர் இரத்தப் புற்றுப் பிள்ளைகளுக்கு நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். வின்கிறிஸ்ரினும் மெதோட்ரெக்சேட்டும் அதில் இரண்டு. ஒரு மருந்தைத் தாங்கும் கலம் இருக்கலாம், நான்கையும் தாங்கும் கலம் அரிது. அவ்வளவுதான் கணக்கு. பிள்ளைகளைச் சாகடிக்கப் பார்க்கிறார்கள் என்று சக வைத்தியர்களே திட்டினார்கள். இன்றைக்கு வசதியான நாடுகளில் அந்த நோய் வந்த 10 பிள்ளைகளில் 9 பேர் அளவுக்குப் பிழைக்கிறார்கள். 1948இல் "தற்காலிக" என்று எழுதிய அதே நோய்.

இதைத்தான் நான் நம்ம ஆட்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். கிளினிக்கில் "மருந்தை மாத்திப் பார்ப்போம்" என்று டொக்டர் சொன்னால், நம்ம வீடுகளில் அதைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு கிளினிக்குக்குப் போவதையே நிறுத்திவிட்டார். "ஒண்ணுக்கே கேக்கல, இன்னொண்ணுக்கா கேக்கப்போகுது?" என்பது அவர் வீட்டாரின் நியாயம். யாரும் அவர்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை, தமிழில் சொல்ல ஆளும் இருக்கவில்லை. ஒரு தராசை அடைத்த மருந்து தோற்றால், வேறு இடத்தில் அடிக்கிற மருந்து வெல்லக்கூடும். எப்போதும் வெல்லும் என்று சொல்ல முடியாது. ஆனால் மாற்றுவது தோல்வியின் அடையாளம் இல்லை, 60 வருடமாக நடந்து வருகிற வைத்தியமே அதுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1979இல் கனடாவில் கோல்டி என்ற வைத்தியரும் கோல்ட்மன் என்ற கணித ஆளும் சேர்ந்து போட்டது. ஒரு சென்ரிமீற்றர் கட்டிக்குள் ஏறத்தாழ 100 கோடி கலங்கள் இருக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பத்து லட்சத்தில் ஒரு கலம் மருந்தைத் தாங்கும் என்று வைத்துக்கொண்டாலும், அந்தச் சின்னக் கட்டிக்குள்ளேயே 1000 கலங்கள் ஏற்கெனவே தயார். கட்டி பெருக்கப் பெருக்க அந்த எண்ணிக்கையும் பெருகும், இரண்டு மருந்தைத் தாங்குகிற கலம் பிறக்கும் வாய்ப்பும் பெருகும். அதாவது "கேக்குமா கேக்காதா" என்பதில் பெரும்பங்கு, முதல் ஊசி போடுவதற்கு முன்னாலேயே, எப்போது போனோம் என்பதில் தங்கியிருக்கிறது.

நாம் எப்போது போகிறோம்? இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்று. தோட்டப்புறத்தில் வெத்திலை, பாக்கு, புகையிலை போடுவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை. புகையிலை இல்லாமல் பாக்கு மட்டுமே புற்றை உண்டாக்கும் என்பது 2004இல் உறுதியாகச் சொல்லப்பட்டுவிட்டது. இந்தப் புற்றுக்கு முதலில் வருவது சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும்தான். பிந்திப் போனவர்களுக்குத்தான் ஊசி மருந்தின் பங்கு கூடும். அதில் பாவிக்கும் ஒரு மருந்து 5-எஃப்.யு. அது அடிக்கிறதும் போலிக் அமிலம் வேலை செய்கிற அதே வரிசையில் இருக்கிற இன்னொரு நொதியத்தை. அதைக் கூடுதலாகச் செய்து தப்பிக்கிற கலங்களும் உண்டு. வில்ஸின் மார்மைட் போத்தலிலிருந்து பதுளை வாட்டு வரைக்கும் ஒரே நூல்தான்.

வாய்ப்புற்றுக்கு ஒரு வசதி உண்டு, அது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வரும். சுரண்டினாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண், முன்பு மாதிரி வாயை அகலத் திறக்க முடியாமல் போவது, காரம் பட்டால் எரிவது. தாத்தாவையும் அப்பாயியையும் வெளிச்சத்தில் உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி நீங்களே பார்க்கலாம். ஏதாவது இருந்தால் பதுளைக்கு பஸ் இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்க்கக் காசு இல்லை. போகிறது ஒரு நாள் பேர்தான். அந்த ஒரு நாள் பேருக்காகத்தான் ஆறு மாதம் பிந்துகிறது, அந்த ஆறு மாதமும் உள்ளே பிரதி எடுப்பது நிற்பதில்லை.